கப்பலுக்குக் காட்டிய முகம்

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும். மாநகராட்சிப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவன் நான். சின்ன ர, பெரிய ற இரண்டில் எதை எங்கே போடுவது என்று இன்றைக்கும் தடுமாறுவேன். போன வாரம் துறைமுகத்தில் மூட்டை தூக்கின கதையை உங்கள் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். அதைத் திருத்தினவர்களுக்குத் தலைவலி வந்திருக்கும். இந்த வாரமும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஸ்டெல்லா எங்கள் பேனர் கடைக்குள் வந்தபோது இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு சிடி. வெயில் இன்னும் ஏறவில்லை. வெளியே எண்ணூர் பக்கம் போகிற கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றிருந்தன.

"அண்ணா, இந்தப் போட்டோவ எவ்ளோ பெருசா அடிக்க முடியும்?"

பெண்கள் நேராகப் பேசினால் எனக்கு வாய் கட்டிவிடும். நான் மிஷினைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த அமுதாதான் திரும்பிக் கேட்டாள்.

"எவ்ளோ பெருசு வேணும்கா?"

"கப்பல்லேர்ந்து பாத்தா தெரியணும்."

அமுதா சிரித்தாள். ஸ்டெல்லா சிரிக்கவில்லை. அதைப் பார்த்ததும் அமுதாவும் நிறுத்திவிட்டாள்.

பத்தடி ரோல்

எங்கள் கடை திருவொற்றியூரில், நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. பிளெக்ஸ் பேனர் அடிக்கிற மிஷின் ஊருக்குள் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடைக்குள் நுழைந்தாலே மையின் காட்டம் மூக்கில் ஏறும். வீட்டுக்குப் போனாலும் சட்டையில் அந்த வாசனைதான்.

அமுதா வியாசர்பாடி எம்.கே.பி. நகரிலிருந்து பஸ்ஸில் வருவாள். போட்டோவை வெட்டுவது, ஒட்டுவது, எழுத்துப் போடுவது எல்லாம் அவள் வேலை. மிஷினிலிருந்து வந்த பிறகு என் வேலை. பிளெக்ஸ் ரோல் பத்தடி அகலம்தான். அதைவிடப் பெரிய பேனர் என்றால் இரண்டு துண்டாக அடித்து, சூட்டுக் காற்று அடித்து ஒட்டவேண்டும். ஓரத்தில் கயிறு கட்ட ஐலெட் வளையம் அடிக்கவேண்டும். பிறகு சாரம் ஏறிக் கட்டவேண்டும்.

முதன்முதலில் பெரிய பேனரைக் கிட்டத்தில் பார்த்த அன்று நான் பயந்துவிட்டேன். ஒரு கல்யாண மாப்பிள்ளையின் கண். கண்ணே இல்லை அது, பொட்டுக்கடலை தூவினது போல வெறும் புள்ளி. வேலை கெட்டுவிட்டது என்று முதலாளியிடம் ஓடினேன்.

அவர், "யோவ் மணி, ரோட்டுக்கு அந்தாண்ட போய்ப் பாருய்யா" என்றார்.

போய்ப் பார்த்தேன். புள்ளியெல்லாம் சேர்ந்து மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார்.

வாடிக்கைக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது பெரும்பாடு. பேனரில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இன்னாபா, போட்டோ ஒடையுது" என்பார்கள். உடைகிறது என்றால் புள்ளி தெரிகிறது என்று அர்த்தம். சின்ன கேமராவில் எடுத்த படத்தை இருபதடிக்கு இழுத்தால் உடையத்தான் செய்யும். தூரம் போகப்போக அதுவே கூடிவிடும்.

வட்டமும் கலரும்

பேனர் என்றால் எங்கள் பக்கத்தில் சில முறைகள் உண்டு. கல்யாணமோ காதுகுத்தோ, கீழே வரிசையாக வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்கள் முகம் இருக்கவேண்டும். ஒரு வட்டம் விட்டுப்போனால் ஒரு குடும்பம் பந்தியில் உட்காராது. பின்னால் நீல வானமும் மேகமும், ஓரத்தில் பூ.

இன்னொன்று, யாருடைய முகமாக இருந்தாலும் கலரைக் கூட்டவேண்டும். "நம்ம பையன் கொஞ்சம் மட்டு, நல்லா வெளுப்பா வெச்சிடும்மா" என்பதைக் கேட்டுக் கேட்டு அமுதாவின் கை தானாக அந்த வேலையைச் செய்துவிடும். கருவாட்டு லாரியில் லோடு அடிக்கிறவர்கூட எங்கள் பேனரில் ரோஜாப்பூ மாதிரிதான் இருப்பார்.

கப்பலில் இருந்தவர்

ஸ்டெல்லா விஷயத்தைச் சொன்னாள்: அவள் புருஷன் அந்தோணி சரக்குக் கப்பலில் சமையல்கட்டு ஆள். கப்பலில் ஏறி ஒரு வருஷம் ஆகப்போகிறது. குழந்தை பிறந்து ஆறு மாதம். இன்னும் பார்க்கவில்லை.

அந்தக் கப்பல் இப்போது நம்ம ஊர்க் கடலிலேயே வந்து நங்கூரம் போட்டு நிற்கிறது. கரையில் நின்று கையை நீட்டினால் ஒரு தீப்பெட்டி அளவு தெரியும். துறைமுகத்துக்குள் வர இடம் கிடைக்கவில்லை. உத்தரவு வந்தால் உள்ளே வராமலே வேறு துறைமுகத்துக்குப் போய்விடும். எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

"கரை கிட்டக்க இருக்கறதால போன் எடுக்குது. தெர்மல் கரண்டு கம்பேனி பொகக்கூண்டு தெரியுதுன்றாரு, கோயில் கோபுரம் தெரியுதுன்றாரு. என் புள்ள மட்டும் தெரியலன்றாரு" என்றாள் ஸ்டெல்லா.

அப்போது அவள் அண்ணன் சூசை உள்ளே வந்தார். பைபர் படகு வைத்துக் கடலுக்குப் போகிறவர்.

"படகுல இட்டுகினு போவலாமேன்னு கேப்பீங்கோ. போனேன் நைனா. கப்பலாண்ட நெருங்கறதுக்குள்ள கோஸ்ட்கார்டுகாரன் வந்து வெரட்டி வுட்டான். இன்னொருவாட்டி பாத்தா படகயே புடுங்கிப்பேன்றான். கடலு வேற பேஜாரா கீது, கைக்கொழந்தைய எப்படி ஏத்தறது?"

போனில் குழந்தை சத்தத்தைக் கேட்கவைக்கலாமே என்று அமுதா கேட்டாள்.

ஸ்டெல்லா தலையைக் குனிந்துகொண்டாள். சூசைதான் சொன்னார். இது இரண்டாவது குழந்தை. முதல் குழந்தையும் அந்தோணி கடலில் இருந்தபோதுதான் பிறந்தது. பத்து நாள் தங்கவில்லை. நடுக்கடலில் அந்தச் சேதியைச் சொன்னால் மனுஷன் என்ன ஆவான் என்று பயந்து வீட்டில் மறைத்துவிட்டார்கள். அவர் போன் செய்தபோதெல்லாம் பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கிள்ளி அழவைத்துக் கேட்கவைத்தார்கள். ஊருக்குத் திரும்பி, பையில் பொம்மையோடு வாசலில் வந்து நின்ற பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"அதுலேர்ந்து அவரு எதயும் நம்பறதில்ல. பாப்பா நல்லா கீதுன்னா, 'அப்பவும் அப்படித்தான சொன்னீங்கோ'ன்றாரு. சோறு எறங்கலயாம்" என்றாள் ஸ்டெல்லா.

கப்பலில் அந்தோணிக்குச் சிநேகமான ஒரு ஆபீசர் இருந்தாராம். அவர் பைனாகுலர் தருவதாகச் சொல்லியிருக்கிறார். படத்தைப் பெரிதாக அடித்துக் கடற்கரையில் கட்டினால் பார்க்கமுடியும். இது ஸ்டெல்லாவின் யோசனை.

முதலாளி கொஞ்ச நேரம் கணக்குப் போடுவது போல மேலே பார்த்தார். பிறகு, "பழைய ரோல் ஒண்ணு மிச்சம் கீது. அதுல அடிச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

முதல் பேனர்

சிடியில் இருந்தது ஞானஸ்நானப் படம். வெள்ளைக் கவுன், வெள்ளை லேஸ் குல்லா, பின்னால் கோயிலின் வெள்ளைச் சுவர். குழந்தை பாதி தூக்கத்தில் கண்ணை மூடியிருந்தது.

"கொஞ்சம் கலராக்கும்மா. அப்பன் மாரி கரேல்னு கீது" என்றார் சூசை. "கீழ தாய்மாமன் போட்டோ வெச்சிடு. தாய்மாமன் இல்லாத பேனரு இன்னா பேனரு? எங்க பெரியப்பா ரெண்டு பேரு, சித்தி, அவங்கோ எல்லாம்."

"மாமா, அவரு புள்ளயப் பாக்கப் போறாரா, உங்க மீசயப் பாக்கப் போறாரா?" என்றாள் அமுதா.

"ரெண்டயும் பாக்கட்டுமே. கண்ணு ரெண்டுதான?"

அமுதா வழக்கம்போலச் செய்தாள். வெள்ளைச் சுவரை வெட்டி எடுத்துவிட்டு நீல வானம், மேகம் வைத்தாள். ஓரத்தில் பூ. முகத்தை வெளுத்தாள். கீழே ஒன்பது வட்டம். இருபதுக்கு இருபது அடி. கிட்டத்தில் பார்க்க எங்களுக்கே அழகாக இருந்தது. நான் கையெடுத்துக் கும்பிடாத குறை.

மறுநாள் காலை சவுக்குக் கம்புகளைக் கட்டி, கடல் அரிக்காமல் இருக்கப் போட்டிருந்த பாறாங்கற்களின் மேல் நிறுத்தினோம். காற்று தாங்க பேனரில் அங்கங்கே பிறை போலக் கீறிவிடவேண்டும். இல்லாவிட்டால் பாய்மரம் மாதிரி கம்போடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். கண்ணிலும் வாயிலும் படாமல் மேகத்தில் கீறினேன்.

குப்பத்து ஜனம் பாதி அங்கேதான் நின்றது. ஸ்டெல்லாவின் போன் அடித்தது. அந்தக் காலத்துச் சின்னப் போன். பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கும் கேட்கும்.

"தெரியுதாய்யா?" என்றாள் ஸ்டெல்லா.

போனில் காற்றுச் சத்தம் மட்டும்.

"ஸ்டெல்லா." அந்தோணியின் குரல் இறங்கியிருந்தது. "எப்ப போச்சி?"

"இன்னாது?"

"மறைக்காத. மேகம், பூவு, கீழ உங்க ஆளுங்க மூஞ்சி எல்லாம் கீது. நடுவுல பரலோகத்துச் சம்மனசு மாரி வெள்ளயா கண்ண மூடிகினு... எம்புள்ள எப்ப போச்சி, சொல்லு."

ஸ்டெல்லா கத்திவிட்டாள். "இன்னா பேசற நீ? இடுப்புல கீதுய்யா! இதோ, கேளு!"

போனைக் குழந்தையின் வாயருகே வைத்தாள். குழந்தை அழவில்லை, சிரிக்கவில்லை. போனை வாயில் வைத்துச் சப்பியது.

"அன்னிக்கும் எவ புள்ளயோதான அழுதுச்சி" என்றார் அந்தோணி. போன் நின்றுவிட்டது. திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். எடுக்கவில்லை.

நான் திரும்பிப் பேனரைப் பார்த்தேன். தெருமுனைகளில் நான் கட்டியிருக்கிற எத்தனையோ கண்ணீர் அஞ்சலி பேனர்கள் நினைவுக்கு வந்தன. அதே மேகம், அதே பூ. நான்தான் கம்பு ஏறிக் கட்டினேன். எனக்குக்கூடத் தோன்றவில்லை.

கட்டைவிரல் நகம்

கடைக்குத் திரும்பினோம். அமுதா அந்தப் படத்தை மறுபடி கம்ப்யூட்டரில் திறந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"எல்லாருக்கும் போடற மாதிரிதானே அண்ணே போட்டேன்" என்றாள்.

"சின்னதாக்கு" என்றேன்.

"எவ்ளோ?"

"நகம் அளவு. கப்பலுக்கு அவ்ளோதான் தெரியும்."

கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கினாள். நான் சந்தின் எதிர்ச் சுவர் வரைக்கும் போய் நின்று பார்த்தேன். அவளும் எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். பூவுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பருக்கை. அது தவிர ஒன்றும் தெரியவில்லை.

"இது வேணாம்" என்றாள் அமுதா. "அக்கா, பாப்பாவத் தூக்கிகினு வாங்க. புதுசா எடுப்போம்."

பாஸ்போர்ட் படம் எடுக்கக் கடையில் ஒரு டிஜிட்டல் கேமரா இருந்தது. வாசல் வெளிச்சத்தில் ஸ்டெல்லா குழந்தையைப் பிடித்துக்கொண்டாள். குல்லாவைக் கழற்றினதும் இரண்டு காதும் விசிறி மாதிரி விரிந்து நின்றன.

"ஐய, இன்னா காதுடி இது, அப்பனக் கொண்டு வந்து ஒட்டி வெச்சா மாரி" என்றார் சூசை.

குழந்தை சிரிக்கவேண்டும், கண் திறந்திருக்கவேண்டும். சூசை நாக்கைத் துருத்தினார். மீசையை முறுக்கினார். குழந்தை வீறிட்டு அழுதது.

"மாமா, நீங்க வெளிய போங்கோ. உங்க மூஞ்சியப் பாத்துதான் அழுவுது."

எனக்கு என்ன தோன்றியதோ, கீழே உட்கார்ந்து ஐலெட் சுத்தியலை எடுத்து டக் டக்கென்று அடித்தேன். குழந்தை அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தது. இன்னும் இரண்டு அடி அடித்தேன். வாயைப் பிளந்து சிரித்தது. கீழ் ஈறில் இரண்டு பல் முளைவிட்டிருந்தது. அமுதா அந்த நொடியில் எடுத்துவிட்டாள்.

முகத்தை மட்டும் வெட்டி எடுத்தாள். பழக்கத்தில் அவள் கை கலரைக் கூட்டப் போனது.

"வேணாம்மா" என்றாள் ஸ்டெல்லா. "அது அவரு கலரு. அப்படியே இருக்கட்டும்."

பின்னணிக்கு ஒவ்வொரு நிறமாக வைத்தாள். நான் எதிர்ச் சுவரோரம் நின்று சொன்னேன். நீலத்தில் எடுப்பாக இல்லை. சிவப்பில் முகம் அமுங்கிப்போனது. மஞ்சள் வைத்ததும் அந்தக் கறுப்பு முகம் கடையை விட்டு வெளியே வந்து என் முன்னால் நின்றது. காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. நகம் அளவில்கூடச் சிரிப்பது தெரிந்தது.

"வட்டம்?" என்று அமுதா சூசையைப் பார்த்தாள்.

"ஒரு மயிரும் வேணாம். என் மூஞ்சிய எவன் பாக்கணும்? நான் கம்பு புடிச்சிக்கறேன்."

ஒருமுறைக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகப் படத்தைப் பெரிதாக்கினாள் அமுதா. ஒரேயடியாக இழுத்தால் ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். கருவிழியின் ஓரத்துக்கும் காதின் ஓரத்துக்கும் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தாள். மற்றபடி முகத்தில் கை வைக்கவில்லை.

மிஷினிலிருந்து வந்த இரண்டு துண்டையும் தரையில் விரித்து ஒட்டினேன். ஒட்டு சரியாக மூக்கின்மேல் வந்தது. மயிரிழை விலகினாலும் மூக்கு கோணிவிடும் என்று முட்டி போட்டு, அழுத்தி, அழுத்தி, எழுந்திருக்கவே மாட்டேன் என்றேன்.

"அண்ணே, அவ்ளோ தூரத்துல நிக்கற கப்பலுக்கு உங்க ஒட்டு தெரியவா போவுது?" என்றாள் அமுதா.

"எனக்குத் தெரியும்" என்றேன். அன்று முதல்முறையாக அவள் சிரித்தாள்.

கற்களின் மேல்

அடுத்த நாள் பொழுது விடிந்ததும் முதலில் கடலைத்தான் பார்த்தோம். தீப்பெட்டிக் கப்பல் அங்கேயே இருந்தது.

கட்டி நிறுத்தின புதுப் பேனரில் சூரியன் கடலிலிருந்து ஏறி நேராக அடித்தது. மஞ்சள் தீப்பிடித்தது போல இருந்தது. பேனருக்கு அடியில் நாங்கள் நின்றிருந்தோம். எங்களுக்கு ஒன்றும் தெரியாது. தலைக்கு மேலே சட்டைப் பொத்தான் அளவு புள்ளிகள், அவ்வளவுதான். அவர் பக்கத்திலிருந்து என்ன தெரிகிறது என்பது அவர் சொன்னால்தான் உண்டு. அவரோ போனை எடுக்கவில்லை.

வெயில் ஏறியது. வந்த ஜனம் ஒவ்வொருவராக வேலைக்குப் போனது. பழைய பேனரைப் பார்த்த வெறுப்பில் அந்தோணி இந்தப் பக்கமே திரும்பமாட்டாரோ என்று நினைத்துக் கப்பலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா ஒரு கல்லில் உட்கார்ந்து குழந்தைக்கு முந்தானையால் நிழல் பிடித்திருந்தாள். சூசை கம்பைப் பிடித்த கையை மாற்றவேயில்லை.

போன் அடித்தது. ஸ்டெல்லா எடுத்தாள். 

அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. அழுகையா இருமலா என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, மனுஷன் சிரிக்கிறார்.

"ஏண்டி... இன்னாடி காது இது?"

"உன்னுதுதான்யா" என்றாள் ஸ்டெல்லா.

"என்னை மாரியே கரேல்னு கீதேடி. ஆபீசர் பாத்துட்டு, அந்தோணி, நீயே அங்க சிரிச்சிகினு நிக்கறியான்றாரு." மூக்கை உறிஞ்சினார். "பல்லு வந்துடுச்சா?"

"ரெண்டு."

"எனக்குச் சொல்லவே இல்ல?"

"நேத்துதான்யா பாத்தோம். போட்டோ புடிக்கசொல்லோ."

அந்தப் பக்கம் மறுபடி சிரிப்பு. பிறகு அவர் சொன்னார், "சோறு துன்னப் போறேன். பசிக்குது."

ஸ்டெல்லா அந்தக் கல்லிலேயே முகத்தைக் குழந்தையின் வயிற்றில் புதைத்துக்கொண்டாள். சூசை, "நைனா, காத்து அதிகமா கீதுல்ல, கண்ணுல மண்ணு அடிக்குது" என்று என்னிடம் சொன்னார். காற்று அப்போது விழுந்துபோயிருந்தது.

மத்தியானம் மறுபடி போன் வந்தது. உத்தரவு வந்துவிட்டதாம். கப்பல் கிளம்புகிறது.

"எறக்கிடாதீங்கோ. கண்ணுக்கு மறையற வரிக்கும் இருக்கட்டும்" என்றார் அந்தோணி.

அதற்குள் கடல்காற்று பலமாக ஏறிவிட்டது. என் கீறல்களை மீறிப் பேனர் புடைத்தது. ஒரு பக்கம் சூசை கம்பில் தொங்கினார். மறுபக்கம் கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு நான் கல்லில் காலை உதைத்து நின்றேன். முதலாளியிடம் சொல்லாமல் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்த அமுதா நடுக்கயிற்றைப் பிடித்தாள்.

கப்பல் மெதுவாகத் திரும்பியது. நீளமாகத் தெரிந்தது குறுகி, குறுகி, பின்புறம் மட்டும் தெரிந்தது. ஸ்டெல்லா குழந்தையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள்.

நான் பத்துப் பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்காதவன். அந்தோணியை அதுவரை பார்த்ததும் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

"போய்ட்டு வாய்யா அந்தோணீ!" என்று கத்தினேன்.

சூசை கம்பிலிருந்து திரும்பிப் பார்த்தார். "நைனா, உனுக்குத் தொண்டைன்னு ஒண்ணு கீதா?"

எழுதி முடித்தது: பங்குனி மூன்றாம் தேதி, திங்கட்கிழமை. பேனரில் சிரித்த அந்தக் குழந்தை, அந்தோணியின் மகள், இன்று காலையில் பிளஸ் டூ பரீட்சைக்குப் போயிருக்கிறாள். அப்பன் பள்ளிக்கூட வாசலில் நிற்கிறார். மணி அடித்து வெளியே வரும்வரை நகரமாட்டாராம்.